பழைய லொறிக்குப் பொருந்தும் பாகம்: கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

சொந்த லொறி வைத்திருப்பது எமது சிறு வியாபாரிகளுக்கு ஒரு பெரும் பலம். கொழும்பு நான்காம் குறுக்குத்தெருவில் சீனியும் பருப்பும் ஏற்றுபவர், தம்புள்ளையில் மரக்கறி எடுப்பவர், ஊர் ஊராகச் சீமெந்து விநியோகிப்பவர் ஆகிய அனைவருக்கும் லொறிதான் கடையின் இரண்டாவது வாசல். அந்த வாசல் அடைபடுவது பெரும்பாலும் பெரிய விபத்தினால் அல்ல. ஒரு கிளச் பிளேட், ஒரு பிரேக் சிலிண்டர், ஒரு ஓயில் சீல் போதும். அதுவும் பாகம் உடைந்ததால் போகும் நேரத்தை விட, பொருந்தும் பாகத்தைத் தேடி அலைவதில் போகும் நேரமே அதிகம்.

நான் கேகாலை மாவட்டத்தில் மொத்த வியாபாரம் செய்பவன். 1984 ஆம் ஆண்டு உற்பத்தியான மிட்சுபிஷி கன்டர் லொறி ஒன்று 2011 முதல் என்னிடம் ஓடுகிறது. பஞ்சிகாவத்தைக்கும் மாகாணத்துக் கடைகளுக்கும் பாகம் தேடி நானும் எனது சாரதியும் போய்வந்த தடவைகள் அதிகம். அந்த அனுபவத்தில் தெளிவான விடயம் ஒன்றுதான். பழைய லொறிக்குப் பாகத்தை லொறியின் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்க முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய இலக்கத்தையும் அளவையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்த விபரத்தை லொறி நன்றாக ஓடும்போதே எழுதி வைத்திருப்பவருக்கு ஒரு நாளில் முடியும் வேலை, மற்றவருக்கு ஒரு வாரம் எடுக்கிறது.

பாகம் ஏன் பொருந்துவதில்லை?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, எமது லொறிகள் வந்த வழி. 1977 இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்கள் பெருமளவில் வந்தன. கன்டர், இசுசு எல்ஃப், டொயோட்டா டைனா, மஸ்டா டைட்டன் ஆகியவை அப்படித்தான் எமது வீதிகளை நிரப்பின. இவை ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்யப்பட்டவை. அதே பெயரில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான லொறியின் எஞ்சினோ, பிரேக்கோ, பின் அச்சோ வேறாக இருக்கலாம். எனவே ஏற்றுமதி ரகத்துக்கான பட்டியலைப் பார்த்துப் பாகம் தருபவரிடம் எமது செஸி இலக்கத்தைக் கொடுத்தால், "இந்த இலக்கம் புத்தகத்தில் இல்லையே நாநா" என்ற பதில் கிடைக்கிறது. அவர் சொல்வதும் உண்மைதான்.

இரண்டாவது, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய லொறி ஒன்றாக இருப்பதில்லை. முதல் உரிமையாளர் எஞ்சினை மாற்றியிருப்பார். இரண்டாமவர் வேறு மொடலின் கியர்பொக்ஸைப் பூட்டியிருப்பார். மூன்றாமவர் அதிக பாரம் ஏற்றவென்று பின் அச்சையே மாற்றியிருப்பார். பதிவுப் புத்தகத்தில் இருப்பது ஒரு லொறி. வீதியில் ஓடுவது மூன்று லொறிகளின் கூட்டு.

மூன்றாவது, அண்மைக் காலப் பொருளாதார நிலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2024 இன் இறுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும்தான் அது படிப்படியாகத் திறக்கப்பட்டது. இதற்கிடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. புதிய லொறி வராததால் பழையவற்றையே எல்லோரும் திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஒரே பாகத்தைத் தேடுபவர்கள் கூடினார்கள், விலையும் கூடியது. ஆகவே பிழையான பாகத்தை வாங்கிவிட்டு மூலையில் போடும் வசதி இன்று எவருக்கும் இல்லை.

ஒரே அளவு, ஆனால் ஒரே பாகம் அல்ல

பெயர் ஏன் போதாது என்பதைச் சில எஞ்சின்களை வைத்துப் பார்ப்போம்.

கன்டர் லொறிகளில் வந்த 4டி30, 4டி31 ஆகிய இரண்டு எஞ்சின்களுக்கும் சிலிண்டரின் விட்டம் 100 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 105 மில்லிமீற்றர், கொள்ளளவு 3298 சி.சி. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 4டி30 இல் டீசல் முதலில் ஹெட்டில் உள்ள சிறிய அறை ஒன்றில் பற்றும். 4டி31 இல் டீசல் நேரடியாக பிஸ்டனின் தலைக்கு மேல் பாய்ச்சப்படும். அதற்காக பிஸ்டனின் தலையில் ஒரு குழி இருக்கும். எனவே பிஸ்டன் வேறு, ஹெட் வேறு, இன்ஜெக்டர் வேறு. "நூறு மில்லிமீற்றர் கன்டர் பிஸ்டன்" என்று கேட்டு வாங்குபவருக்கு இரண்டில் எது கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்தான்.

டொயோட்டா டைனாவிலும் இதே கதை உண்டு. 3பி, 13பி ஆகிய இரண்டு எஞ்சின்களும் விட்டம் 102, தூரம் 105 என்ற ஒரே அளவு. 13பி நேரடிப் பாய்ச்சல், 3பி அப்படியல்ல.

இசுசு எல்ஃபில் வேறு விதமான மயக்கம். 4பிசி2 எஞ்சினுக்கும் 4பிடி1 எஞ்சினுக்கும் சிலிண்டர் விட்டம் 102 மில்லிமீற்றர்தான். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் முதலாவதில் 100, இரண்டாவதில் 118. கொள்ளளவு 3268 சி.சி. ஒன்று, 3856 சி.சி. மற்றது. விட்டத்தை மட்டும் அளந்து கிராங்கையோ பிஸ்டனையோ வாங்கினால் பணம் வீண்.

கன்டரின் 4டி32 எஞ்சின் 104 மில்லிமீற்றர் விட்டமும் 3567 சி.சி. கொள்ளளவும் கொண்டது. 4டி33 எஞ்சின் 108 மில்லிமீற்றர், 4214 சி.சி. இவை எல்லாவற்றையும் வீதியில் நாம் "கன்டர் எஞ்சின்" என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம்.

ஒரு கிளச் பிளேட்டின் கதை

2023 இல் எனது லொறியின் கிளச், பாரத்துடன் ஏற்றத்தில் வழுக்கத் தொடங்கியது. கராஜில் கழற்றினார்கள். அங்கிருந்து ஒரு கடைக்குத் தொலைபேசியில் போன செய்தி, "84 கன்டர் கிளச் பிளேட் ஒன்று" என்பதுதான். பஸ்ஸில் வந்த பிளேட்டின் நடுத்துளைப் பற்கள் கியர்பொக்ஸின் தண்டில் ஏறவில்லை. எமது தண்டில் 14 பல், வந்த பிளேட்டில் 10. அதைத் திருப்பி அனுப்பி இரண்டாவது வந்தது. பற்கள் சரியாக ஏறின. ஆனால் பிளேட்டின் விட்டம் சிறியது. எமது பிளைவீலுக்குத் தேவை 300 மில்லிமீற்றர், வந்தது 275. நாட்கள் மூன்று போயின. கடையில் சரக்குத் தீர்ந்து, வாடகை லொறி பிடித்தேன்.

நான்காம் நாள் எனது மெக்கானிக் பாஸ் ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களை எழுதினார். எஞ்சின் 4டி32. பிளைவீலில் பிளேட் தொடும் பகுதியின் விட்டம். கியர்பொக்ஸ் தண்டின் பல் எண்ணிக்கை. அத்தண்டின் விட்டம். கடதாசியையும் பழைய பிளேட்டையும் எடுத்துக்கொண்டு சாரதி பஞ்சிகாவத்தைக்குப் போனார். கடைக்காரர் வாசித்துவிட்டு, "எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பொக்ஸ் இன்னொரு வண்டியுடையது" என்று சொல்லி, மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே பூட்டியாயிற்று.

இதிலுள்ள பாடம் கிளச்சுக்கு மட்டும் உரியதல்ல. கிளச் பிளேட்டின் வெளி விட்டத்தை எஞ்சின் பக்கம் தீர்மானிக்கிறது. உட்பற்களை கியர்பொக்ஸ் பக்கம் தீர்மானிக்கிறது. இரண்டு பாகங்களுக்கு இடையில் நிற்கும் எதுவானாலும் இரு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். யுனிவர்சல் ஜொயின்ட், கிளச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் மவுன்ட் எல்லாம் இந்த இனம். கலப்பு லொறிகளில் அதிகம் சிக்குபவையும் இவைதான். எந்தப் பட்டியலிலும் இவை ஒரே வண்டியின் பெயரில் இருக்கா.

லொறிக்கு ஒரு பதிவேடு

கடனுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கும் நாம் லொறிக்கும் ஒன்று வைக்க வேண்டும். அதில் எழுத வேண்டியவை இவை.

1. மொடல் குறியீடு. கெபினில் உள்ள தகட்டில் இருக்கும். கன்டரில் எஃப்.ஈ. என்றும், எல்ஃபில் என்.கே.ஆர்., என்.பி.ஆர். என்றும், பி வகை எஞ்சின் கொண்ட டைனாவில் பி.யு. என்றும் தொடங்கும். எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்களை ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

2. செஸி இலக்கம். சட்டத்தில் பொறிக்கப்பட்டிருப்பதையே எழுத வேண்டும். புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. எஞ்சின் வகையும் இலக்கமும். புத்தகத்தில் உள்ளதை நம்ப வேண்டாம். பிளொக்கில் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

4. எஞ்சின் முன்னர் கடையப்பட்டதா என்ற விபரம். பிஸ்டனும் ரிங்கும் ஸ்டாண்டர்ட், 0.25, 0.50, 0.75, 1.00 என்ற கூடுதல் அளவுகளில் வரும். கிராங்க் பெயாரிங்குகளும் 0.25, 0.50 எனக் குறைந்த அளவுகளுக்கு வரும். லேத்காரரின் பற்றுச்சீட்டை எறியாமல் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

5. கியர்பொக்ஸின் வகை, தண்டின் பல் எண்ணிக்கை.

6. பின் அச்சின் கிரௌன், பினியன் பற்கள். 40 பல் கிரௌனுக்கு 6 பல் பினியன் என்றால் விகிதம் 6.67, 7 பல் என்றால் 5.71. முதலாவது ஏற்றத்துக்கு நல்லது, இரண்டாவது ஓட்டத்துக்கு நல்லது. இவ்விரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட சோடியைப் பிரித்துப் பூட்டினால் முதலில் சத்தம் வரும், பின்னர் பல் உடையும்.

7. மின்சாரம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா. இரண்டு 12 வோல்ட் பெட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் 24. ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர், பல்ப், ரிலே எல்லாம் இதைப் பொறுத்தவை.

8. பிரேக்: டிரம்மின் விட்டம், லைனிங்கின் அகலம், ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிலிண்டரின் அளவு.

9. சில்லு: போல்ட் 5 ஆ, 6 ஆ, டயர் அளவு. பழைய ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடது மரை கொண்டவை. இதையும் குறித்து வைத்தால் புதிய உதவியாளர் ஸ்டட்டை முறிக்க மாட்டார்.

இவற்றோடு, எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதன் மீதுள்ள இலக்கத்தை எழுதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேர்னியர் அளவுகோல் பெரிய செலவல்ல. பழைய பாகத்தையும் கட்டாயம் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அதையே முழுமையாக நம்பவும் கூடாது. தேய்ந்த பாகத்தின் அளவு குறைந்திருக்கும். முன்னவர் பூட்டியதே பிழையான பாகமாகவும் இருக்கலாம். பாகம் இருந்த இடத்தையும் சேர்த்து அளப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் லொறிக் கம்பனி செய்வதில்லை

"கன்டர் பெயாரிங்" என்று கேட்டால் ஒரு விலை; இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் வேறு விலை. காரணம், பெயாரிங்கை லொறிக் கம்பனி செய்வதில்லை. என்.எஸ்.கே., என்.டி.என்., கொயோ போன்ற நிறுவனங்களே செய்கின்றன. இலக்கம் உலகம் முழுவதற்கும் பொதுவானது.

6205 என்ற பெயாரிங்கின் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்கினால் 25. அதுவே உள் விட்டம், மில்லிமீற்றரில். கடைசி இலக்கங்கள் 04 உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு இந்தக் கணக்குச் சரிவரும். 6305 இன் உள் விட்டமும் 25 தான். ஆனால் 6205 இன் வெளி விட்டம் 52, அகலம் 15. 6305 இற்கு 62, 17. சில்லுகளில் வரும் கூம்புப் பெயாரிங்குகளில் 30208, 32208 இரண்டுக்கும் உள் விட்டம் 40, வெளி விட்டம் 80. அகலம் மட்டும் 19.75, 24.75 என வேறுபடும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் உள்ளே போகும். நட்டை இறுக்கும்போதுதான் குறை தெரியும். பின்னால் சி3 என்றிருந்தால் உள்ளே சற்று அதிக இடைவெளி உள்ளது என்று பொருள். அந்த எழுத்தையும் விடக்கூடாது.

ஓயில் சீலும் அப்படித்தான். 50 72 10 என்று பொறிக்கப்பட்டிருந்தால் தண்டு 50, இருக்கும் துளை 72, அகலம் 10 மில்லிமீற்றர். சில சீல்களில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது தண்டு சுழல வேண்டிய திசை. அளவு சரியாக இருந்து திசை பிழைத்தால் எண்ணெய் கசியும்.

பெட்டியில் உள்ள பெயர்களும் காலத்தோடு மாறும். டைக்கின் என்ற பெயரில் நாம் அறிந்த கிளச் நிறுவனம் 1995 முதல் எக்செடி என்ற பெயரில் இயங்குகிறது. பழைய பெயரைத் தேடி "இல்லை" என்று திரும்பத் தேவையில்லை. பாக இலக்கங்களும் மாறுவதுண்டு. பழைய இலக்கத்துக்குப் பதிலாக உற்பத்தியாளர் புதிய இலக்கத்தை வழங்கியிருப்பார். "இந்த இலக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது" என்று சொன்னால், "இதற்கு மாற்று இலக்கம் உண்டா?" என்பதே எமது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

போல்ட்டிலும் கவனம் தேவை. ஜப்பானிய வாகனங்களில் 10 மில்லிமீற்றர் போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர். ஹார்ட்வெயார் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலவந்தமாக முறுக்கினால் போல்ட் அல்ல, ஹெட்டின் மரையே போய்விடும்.

"கிட்டத்தட்டச் சரி" எங்கே செல்லும், எங்கே செல்லாது?

பழைய லொறியை இணக்கம் செய்யாமல் ஓட்ட முடியாது. பக்கக் கண்ணாடி, கதவுப் பூட்டு, எரிபொருள் தாங்கி, சைலன்சர் போன்றவற்றை லேத்திலோ வெல்டிங் கடையிலோ சரிசெய்து பூட்டலாம். அதில் குற்றமில்லை.

ஆனால் பிரேக், ஸ்டியரிங், சில்லு ஆகிய மூன்றில் "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்கே இடமில்லை. ஓர் உதாரணம். முன் சில்லு ஒன்றில் 1 1/8 அங்குல பிரேக் சிலிண்டரும் மற்றதில் 1 1/4 அங்குலமும் பூட்டினால், இரண்டும் இருக்கையில் சரியாக உட்காரலாம். பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெரிய சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 23 சதவீதம் அதிகம். ஒரே எண்ணெய் அழுத்தத்தில் அந்தப் பக்கம் அவ்வளவு பலமாகப் பிடிக்கும். வெறும் லொறியில் ஊருக்குள் ஓடும்போது சிறிய இழுவையாகத் தெரிவது, முழுப் பாரத்துடன் கடுகண்ணாவை இறக்கத்தில் லொறியையே ஒரு பக்கம் திருப்பும். உள்ளே சாரதியும் உதவியாளரும் இருக்கிறார்கள். எதிரே பாடசாலை வான் வரலாம். மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபா அந்த இடத்தில் எந்தக் கணக்கிலும் வராது. பாகம் கிடைக்கும்வரை லொறி நிற்கட்டும்.

பாவித்த பாகமா, புதியதா?

எனது வழக்கம் இது. தேய்ந்து அழிவதற்கென்றே செய்யப்பட்டவற்றைப் புதிதாகவே வாங்குவேன்: லைனிங், சீல், பெயாரிங், ரப்பர்கள், கிளச் பிளேட். வார்ப்பாகவும் கனமாகவும் உள்ளவற்றைப் பாவித்ததாக வாங்கலாம்: கியர்பொக்ஸ் உறை, பின் அச்சு, பிளைவீல், பம்பர். எஞ்சின் ஹெட் பாவித்ததாக வாங்குவதானால் வெடிப்புப் பரிசோதனை செய்து தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டுமே வாங்க வேண்டும்.

பிரபல பெயர் போட்ட பெட்டிகளில் போலிகளும் வருகின்றன. பெட்டியை விடப் பாகத்தைப் பாருங்கள். பொறிப்பு தெளிவாக இருக்கிறதா, பெட்டியின் இலக்கமும் பாகத்தின் இலக்கமும் ஒன்றா, விலை மற்றக் கடைகளை விட நம்பமுடியாதபடி குறைவா என்று கவனியுங்கள்.

பற்றுச்சீட்டில் "கிளச் பிளேட் 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எஞ்சின் வகை, பாக இலக்கம், அளவு, "பொருந்தாவிட்டால் இத்தனை நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்" என்ற வார்த்தை ஆகிய நான்கும் இருக்கட்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரின் பக்கம் நிற்கிறது. ஆனால் கையில் எழுத்து இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் உதவுவது கடினம்.

எஞ்சினையே மாற்றினால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவில் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களைப் பணம் கொடுக்கும் அன்றே கேட்டுப் பெறுங்கள். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் எஞ்சின் இலக்கத்தைப் பார்க்கும்போது அவற்றைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

நின்ற நாளின் விலை

பாகத்தின் விலையை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு. உதாரணமாக, லொறி ஓடும் ஒரு நாளில் செலவு போக உங்களுக்கு 9,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் பாகம் 52,000 ரூபா, இன்றே கிடைக்கும். இன்னொரு கடையில் 38,000 ரூபா, ஐந்து நாள் பொறுக்க வேண்டும். விலையில் இலாபம் 14,000. ஐந்து நாள் நின்றால் இழப்பு 45,000. எது மலிவு என்பது தெளிவு. ஆனால் அந்த ஐந்து நாளும் சரக்கு இல்லாத பெருநாள் விடுமுறையாக இருந்தால் பொறுப்பதே புத்தி. ஆகவே, பேரம் பேசுமுன் உங்கள் லொறியின் ஒரு நாள் பெறுமதியை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இதே கணக்கை ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டில் திருத்தச் செலவு 420,000 ரூபா, நின்ற நாட்கள் 24 என்றால், நின்றதன் இழப்பு 216,000. மொத்தம் 636,000, மாதத்துக்கு 53,000 ரூபா. இதைப் புதிதாக எடுக்கக்கூடிய ஒரு லொறியின் மாதாந்தத் தவணையோடும், அதற்குக் கட்ட வேண்டிய முற்பணத்தோடும், கூடுதல் காப்புறுதியோடும் ஒப்பிடுங்கள். தவணை இதை விட மிகக் கூடுதலாக இருந்தால் பழையதை இன்னும் பேணலாம். நெருங்கி வந்துவிட்டால் யோசிக்கும் காலம் வந்துவிட்டது. "பழகிய வண்டி" என்ற பாசம் வேறு, கணக்கு வேறு.

நின்ற நாட்களைக் குறைக்க இன்னொரு வழி, சில சிறு பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது. பேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளச் மற்றும் பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் தொகுதி, டீசல் பம்ப் ரப்பர், ஒரு சில்லுக்குரிய பெயாரிங்கும் சீலும், யுனிவர்சல் ஜொயின்ட், ஹெட் கஸ்கட். இவை எல்லாம் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும். வாங்கும்போதே பொருந்துகிறதா என்று அளந்து, பெட்டியின் மேல் இலக்கத்தை எழுதி வையுங்கள். ரப்பர் பொருட்களை வெயிலும் டீசலும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் உதிரிப்பாக வியாபாரிகளும் உண்டு. "இது பூட்டலாம், போங்கள்" என்று சொல்லிப் பணத்தை வாங்குவது ஒரு நாள் வியாபாரம். "எந்த எஞ்சின்? எத்தனை பல்? பழையதைக் காட்டுங்கள்" என்று கேட்டு, சந்தேகமானால் "அளந்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புபவர் அன்று ஒரு விற்பனையை இழக்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார். எந்த வண்டிக்கு எந்தப் பாகம் பொருந்தியது என்று ஒரு கொப்பி வைத்திருங்கள். பழைய வண்டிகளைப் பற்றி அச்சில் இல்லாத அறிவு அதில் சேரும். பட்டியல் புத்தகம் எல்லோரிடமும் கிடைக்கும். அந்தக் கொப்பி உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

லொறி உரிமையாளர்களிடம் நான் கேட்பது அரை மணி நேரம் மட்டுமே. இந்த வாரம் லொறி சுமை இறக்கி நிற்கும் ஒரு மாலையில் ஒரு துணியும், டோர்ச்சும், பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாரதியையும் கூட்டிக்கொண்டு, மேலே சொன்ன ஒன்பது விடயங்களில் கழற்றாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் எழுதுங்கள். மொடல் தகடு, செஸி, எஞ்சின், வோல்ட், சில்லு ஆகிய ஐந்தும் அன்றே முடிந்துவிடும். மற்றவற்றை அடுத்த தடவை கராஜில் அவ்வப்பாகத்தைக் கழற்றும்போது மெக்கானிக்கிடம் கேட்டு நிரப்புங்கள். ஒரு பிரதி கடையிலும் ஒரு பிரதி லொறியின் பெட்டிக்குள்ளும் இருக்கட்டும்.